ஐந்து கிளிப்பும் இரண்டு இட்லியும்

தேக்கா
4 மார்ச் 2025

அன்புள்ள பவித்ராவுக்கு ரெங்கசாமி மாமா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் போன தீபாவளிக்கே சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வழியில்லை, நீதான் என் நம்பரை ப்ளாக் செய்து வைத்திருக்கிறாயே. என்னோடு இந்த வாடகை வீட்டைப் பங்குபோட்டு இருக்கும் அப்துல் ஹமீதிடம் சொன்னேன். "ஹமீது, என் வயித்தோட கீழ் வாசல் அடைச்சுக்கிச்சு. டாக்டருங்க இதைக் கண்டுபிடிக்க ஆறு மாசம் ஆகும் பாரு" என்றேன். அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். நாலே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் சொன்னதை விட வேகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் இதுதான். எனக்குச் சர்க்கரை முப்பது வருஷம். அது நரம்பைக் கெடுத்து, வயிற்றைத் தூங்க வைத்துவிட்டதாம். காலையில் தின்ற தோசை மறுநாள் காலையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பாதி நாள் வாந்தி. பதினோரு கிலோ இறங்கிவிட்டேன். சிங்கப்பூரிலேயே இந்த மாதிரி வயிறு மொத்தம் இரண்டுதான் இருக்கிறது என்று டாக்டர் டான் எழுந்து நின்று கைகொடுத்தார்.

வெளியே கத்தி படாது. வாய் வழியாகக் குழாய் விட்டு, வயிற்றின் உட்சுவரில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, அதற்குள் சுரங்கம் மாதிரி போய், குடலுக்குப் போகும் கீழ் வாசலை இறுக்கிப் பிடித்திருக்கும் தசையை அறுத்துவிட்டுத் திரும்புவார்கள். வரும்போது அந்தக் கீறலை மூட வேண்டும். மூடுவதில்தான் டாக்டர்களுக்குள் பெரிய சண்டை. சில பேர் கிளிப் போடுகிறார்கள், சில பேர் தைக்கிறார்கள். எது மேல் என்று தெரியாமல் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார்கள், அதற்கு என் யோசனையைக் கேட்டிருக்கிறார்கள். கேட்க மாட்டார்களா? முப்பத்தெட்டு வருஷம் அரிசிக் கிடங்கில் மூட்டை வாய் தைத்தவன் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறான்!

ஒரு சின்னக் காரியம். படிவத்தில் நெருங்கிய உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரை எழுதிவிட்டேன். 'மகள் மாதிரி' என்று எழுதப் போனேன். ஆராய்ச்சி நர்ஸ் சம்சுன்னிசா, நம்ம தமிழ்ப் பெண்தான், "அங்கிள், அந்தக் கட்டத்துல அவ்வளவு இடம் இல்லை லா. தங்கச்சி மகள்னு போடுங்க" என்றாள். போட்டேன். அவள் போன் செய்தால் ஆமாம் என்று மட்டும் சொல். நீ வர வேண்டியதில்லை. எனக்கு ஆள் இருக்கிறது.

ஆபரேஷன் பத்தொன்பதாம் தேதி. பெரிய விஷயம் இல்லை.

மாமா


ஆங் மோ கியோ
8 மார்ச் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதினோரு இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். பள்ளியில் நான் தமிழ்ப் பாடம் எடுப்பவள், பழக்கம் விடவில்லை. ஆனால் அவை எழுத்துப்பிழைகள் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

சம்சுன்னிசா போன் செய்தார். டாக்டர் டான் எழுந்து நின்றதாக அவருக்கு நினைவில்லை. உங்களைப் போன்ற நோயாளிகள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் உங்கள் யோசனையை யாரும் கேட்கவில்லை, உங்கள் சம்மதத்தைக் கேட்டார்கள். நீங்கள் முப்பத்தேழாவது ஆள். கிளிப்பா தையலா என்பதைக் கணினி தீர்மானிக்கும்.

பெயரை எடுக்கச் சொல்லவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை.

போனில் பேசினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். ஒரு முறை நம்பினேன். வருகிற ஜூலையில் இரண்டு வருஷம் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு முகாமில் இருந்தேன். மதியம் உங்களைக் கூப்பிட்டு, அம்மா எப்படி இருக்கிறாள், நான் கிளம்பி வரட்டுமா என்று கேட்டேன். "உங்கம்மாவுக்கு என்ன, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு ஜம்முனு உக்காந்திருக்கா. நீ நாளைக்கு வந்தா போதும்" என்றீர்கள். மாலை ஆறு மணிக்கு அம்மா போய்விட்டாள். விழுங்கவே முடியாமல் இருந்தாள் என்று பிறகு டாக்டர் சொன்னார். முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் நாற்பது நிமிஷம், மாமா.

அன்று நீங்கள் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் நான் பேனாவை வைத்ததில்லை. கடைசியாக உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள் என்றீர்களே: 'பவித்ராவைக் கூப்பிடாதே அண்ணா, பிள்ளைங்களோட இருக்கட்டும். அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை.' அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவித்ரா


தேக்கா
11 மார்ச் 2025

அன்புள்ள பவித்ராவுக்கு,

பதினோரு அடிக்கோட்டில் இரண்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் என்பது சத்தியம். தஞ்சோங் பகாரில் ஆரம்பித்து பாசிர் பாஞ்சாங்கில் முடித்தேன். டாக்டர் டான் எழுந்து நின்றதும் சத்தியம். அவர் மேசையில் தண்ணீர் கொட்டிவிட்டது, அதனால் எழுந்தார். எழுந்தாரா இல்லையா?

நான் முதலில் தையல்தான் கேட்டேன். வெங்காயச் சாக்குக்குக் கம்பியைச் சுற்றி முறுக்கினால் போதும், ஒரு கிளிப்பே போதும். வெங்காயம் என்ன ஓடியா போகும்? அரிசி அப்படி இல்லை. ஒரு நெல்மணி அளவு இடம் விட்டாலும் ஒழுகும். அதனால்தான் அரிசி மூட்டைக்குத் தையல். வயிறு என்பது அரிசி மூட்டை ஜாதி. இதை சம்சுன்னிசாவிடம் விளக்கினேன்.

அவள் சிரித்தாள். "அங்கிள், ரெண்டுமே மூடும். தையலுக்குத் தனிக் கருவி, செலவு கூட. கிளிப் ஒண்ணொண்ணா போடணும். எது நேரம் கம்மி, எது கழண்டுக்காம நிக்கும், அதைத்தான் பார்க்கிறோம். எங்களுக்கே தெரிஞ்சிருந்தா உங்களை ஏன் கேக்கப் போறோம்?" என்றாள். பார், 'உங்களை' என்றாள்.

பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தேன். மூட்டைத் தையலில் ஒரு சங்கடம் உண்டு. சங்கிலித் தையல் அது. சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே இழுப்பில் முழு வாயும் பிரிந்துவிடும். கிளிப்பில் ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பது பிடிக்கும். இப்போது எனக்கு இரண்டு மனசு. கணினி என்ன சொல்கிறதோ பார்ப்போம், எப்படியும் நான் நினைத்ததைத்தான் சொல்லும்.

இட்லி விஷயம். நீ எழுதிவிட்டாய், நானும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குத் தட்டில் இரண்டு இட்லி வந்தது. உன் அம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள், இறங்கவில்லை. சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போடுவோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அந்தக் குழாயென்றால் அப்படி ஒரு பயம். "நர்ஸ் வர்றதுக்குள்ள நீ தின்னுடு அண்ணா, நான் தின்னேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். தின்றேன். சட்னி வேறு நன்றாக இருந்தது. நர்ஸ் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு எழுதிக்கொண்டு போனாள். உடனே உன் போன். நர்ஸிடம் ஒன்றும் உன்னிடம் ஒன்றும் எப்படிச் சொல்வேன்? அதையே சொன்னேன். கூட 'ஜம்முனு' என்று ஒரு வார்த்தையை நானாகச் சேர்த்தேன். அது என் வாய்.

நீ கவலைப்படாதே. பத்தொன்பதாம் தேதி எங்கள் அடுக்குமாடி பிளாக்கே திரண்டு வருகிறது. ஹமீது லீவு போட்டிருக்கிறான்.

மாமா


ஆங் மோ கியோ
15 மார்ச் 2025

மாமாவுக்கு,

ஹமீது பாய் ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது. லீவு எங்கே போட்டார்?

வயிற்றுக்குள் போடும் தையல் உங்கள் சங்கிலித் தையல் இல்லை என்று சம்சுன்னிசா சொன்னார். அதில் நுனியைப் பிடித்து யாரும் இழுக்க முடியாது, பயப்பட வேண்டாம். கிளிப் என்றால் சில வாரங்களில் தானே கழன்று போய்விடும். அதுவரை எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது, சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும். முந்தைய நாள் திரவம்தான், கள்ளத்தனமாகப் பரோட்டா தின்னக் கூடாது. மருந்துகளின் பட்டியலை உண்மையாகக் கொடுங்கள். 'சர்க்கரை கண்ட்ரோலில் இருக்கிறது' என்று சொல்லி வைக்காதீர்கள். உங்கள் ரத்தமே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

பள்ளி விடுமுறை இன்று தொடங்கியது. ஒரு வாரம். அம்மாவின் அலமாரியை ஒழிக்கலாம் என்று திறந்தேன், மூடிவிட்டேன். வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் என் பை, மற்ற இரண்டிலும் திருத்த வேண்டிய பயிற்சித்தாள்கள். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இட்லிப் பத்தியில் ஓர் இடத்திலும் நான் அடிக்கோடு போடவில்லை. அதில் அம்மாவின் குரல் கேட்டது. மூன்று முறை படித்தேன். 'நான் தின்னேன்னு சொல்லிக்கிறேன்.' அவளேதான்.

பவித்ரா


தேக்கா
23 மார்ச் 2025

அன்புள்ள பவித்ராவுக்கு,

வெற்றி! உன் மாமா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கணினி எனக்குக் கிளிப் கொடுத்தது. நான் இரண்டாவதாக நினைத்தது. ஐந்து கிளிப். ஒவ்வொன்றாகப் போடும்போது நான் எண்ணினேன், டிக், டிக் என்று ஐந்து சத்தம். மூன்றாவதைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போடச் சொன்னேன், டாக்டர் டான் தள்ளிப் போட்டார். மறுநாள் ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. படத்தில் ஐந்து கிளிப்பும் பறவை வரிசை மாதிரி உட்கார்ந்திருந்தன. சம்சுன்னிசா, "முப்பத்தேழாம் நம்பர், சூப்பர் லா" என்றாள்.

வார்டில் ஒரே கூட்டம். கண் விழித்தால் கட்டிலைச் சுற்றி ஆள். ஹமீது, கீழ்வீட்டு கோவிந்தசாமி குடும்பத்தோடு, கிடங்கின் பழைய ஆட்கள் ஆறேழு பேர், தேக்கா மார்க்கெட்டில் காய் விற்கிறவர் கூட வந்துவிட்டார். 'இங்கே இத்தனை பேர் நிற்கக் கூடாது' என்று நர்ஸ் விரட்ட வேண்டியதாகப் போயிற்று. நான்தான், பரவாயில்லை விடம்மா, என்மேல் பிரியம் என்றேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஹமீது டாக்ஸியில் கூட்டிவந்தான். வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைச் சின்னதாக வைத்தான். அது அவன் பாஷை.

இப்போதைக்குக் கஞ்சித் தண்ணீர்தான். ஆனால் வாந்தி இல்லை. குடித்தது கீழே இறங்குகிறது பவித்ரா. இறங்குவது எனக்கே தெரிகிறது. வாசல் திறந்துவிட்டது.

வெளியே ஒரு கீறல் இல்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மாமா


ஆங் மோ கியோ
26 மார்ச் 2025

மாமாவுக்கு,

பத்தொன்பதாம் தேதி மூன்று மணியிலிருந்து நாலு மணிவரை நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப வேண்டாம் என்று சம்சுன்னிசாவிடம் சொன்னேன். வந்ததைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

கட்டிலைச் சுற்றி யாரும் இல்லை. நான் போன பிறகும் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விழித்ததும் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள், அது யார் என்று கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள் என்று சம்சுன்னிசா சொன்னார். அவர் குறை சொல்லவில்லை. இரண்டு நாளும் டியூட்டி முடிந்த பிறகு வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

நீங்கள் மிகவும் இளைத்துவிட்டீர்கள். கையில் ஊசி குத்தியிருந்த இடத்தில் பிளாஸ்திரி பெரிதாக இருந்தது, கை சின்னதாக இருந்தது.

கட்டில் தலைமாட்டில் ஒரு தாள். நெருங்கிய உறவு: பவித்ரா. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நீங்கள் என்னைப் பவித்ரா என்கிறீர்கள். பள்ளியில் பவித்ரா என்கிறார்கள். அம்மா என் வாழ்நாளில் ஒரு முறைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போதும் 'பாப்பா'தான். என் தலைமையாசிரியரிடமே 'எங்க பாப்பா நல்லா பாடம் எடுக்குதா சார்' என்று கேட்டு மானத்தை வாங்கியவள்.

'பவித்ராவைக் கூப்பிடாதே அண்ணா.'

மாமா, அம்மா அப்படிச் சொன்னாளா?

இரண்டு வாரம் கழித்து நீங்கள் இட்லி சாப்பிடலாம் என்று சம்சுன்னிசா சொன்னார். எனக்கு இட்லி செய்யத் தெரியும். எடுத்துக்கொண்டு வருவேனா மாட்டேனா என்பதை இப்போது எழுத மாட்டேன். எழுதினால் அதற்குத் தகுந்த மாதிரி நீங்கள் பதில் எழுதுவீர்கள்.

பவித்ரா


தேக்கா
30 மார்ச் 2025

பவித்ராவுக்கு,

இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு முன்பே தெரியும் என்று ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். தெரியாது. வரவே வராது என்று நினைத்தேன். நீ அந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாய் என்று எழுதியதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

கூட்டம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் ஒருவரும் வரவில்லை. கோவிந்தசாமிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்ததே தெரியாது. கிளிப்பை எண்ணவில்லை, முழு மயக்கம்.

கண் விழித்தபோது தொண்டை நெருப்பாக இருந்தது. ஜன்னலில் வெயில் இருந்தது. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவரைச் சுற்றி அவர் பிள்ளைகள் நின்று பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கூப்பிட வேண்டும் போலிருந்தது, வாயில் வந்த பெயர் சிவகாமி. உன் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். சம்சுன்னிசா யார் அங்கிள் என்று கேட்டாள். தங்கச்சி, செத்துப்போய்விட்டாள் என்று எப்படிச் சொல்வேன். திரும்பிப் படுத்துக்கொண்டேன். கட்டில் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி கொஞ்சம் கோணலாக இருந்தது. துப்புரவு செய்கிறவர் இழுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நீயா அது.

ஆள் இல்லாமல் கண் விழிப்பது எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆள் இல்லாமல் கண் மூடுவது எப்படி இருந்திருக்கும் என்று அதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு மணி ஐந்தரை. உன் அம்மா தூங்குகிற மாதிரி இருந்தாள். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். கேட்டாளா தெரியாது. டீக்கடையில் சீனி போட்டே வாங்கினேன், பார்க்க ஆள் இல்லையே என்று. கல்லாவில் இருந்த பெண்மணி யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். போதாதா எனக்கு? என் தங்கச்சி, பரவாயில்லை, மதியம் இட்லி தின்றாள், நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள், அவள் பெண் டீச்சர், பெரிய டீச்சர், பேப்பரில் படம் எல்லாம் வந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் பேசினேன். அவர் மேசை துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்கிற ஆள் கிடைத்தால் எனக்கு நேரம் தெரியாது.

மேலே வந்தேன். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

கையைப் பிடித்துக்கொண்டு என்று நான் சொன்னேனே, பிடித்தேன். அப்போது சூடு இருந்தது. ஆனால் அவள் இல்லை. அவள் யாரைக் கேட்டாள், பாப்பா என்றாளா, அண்ணா என்றாளா, ஒன்றுமே சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. அந்த நர்ஸிடம் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தேன்.

நீ முகாம் சட்டையோடு ஓடி வந்தாய். காலணியெல்லாம் சேறு. "அம்மா ஏதாவது சொன்னாங்களா மாமா?" என்றாய். உன் முகத்தைப் பார்த்து, இல்லை, நான் டீக்கடையில் இருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயில் என்ன வந்ததோ அதைக் கொடுத்தேன். நல்ல வாக்கியம் என்றுகூட அப்போது நினைத்தேன்.

மூட்டைத் தையலுக்கு ஒரு நுனி உண்டு என்று எழுதினேன் இல்லையா. இதோ நானே இழுத்துவிட்டேன். இனிமேல் காலையில் நீ எதை வைத்துக்கொண்டு எழுந்து வேலைக்குப் போவாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைக் கட்டிச் சொல்லவும் மாட்டேன்.

தேக்காவில் ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன். கீழே ஒரு வரிக்கு நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன். கோடு கோணலாகப் போய்விட்டது, நீ ஸ்கேல் வைத்துப் போடுவாய் போலிருக்கிறது.

'பவித்ராவைக் கூப்பிடாதே அண்ணா, பிள்ளைங்களோட இருக்கட்டும். அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை.'

இதை உன் அம்மா சொல்லவில்லை. நான் சொன்னது.

மாமா